முப்பத்தொன்றாம் கிரிஸ்டலின் காலை வாசிப்பு

1990 ஜூலை 17, செவ்வாய்க்கிழமை. ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். மழைமானியில் ஒன்றுமில்லை, வெப்பமானி இருபத்தைந்து. ஆறு மணிக்குக் காப்பி, ஆறரைக்குக் காஜா பேராங் சாலையோரமாக நடை, ஏழே காலுக்கு வீடு. செவ்வாய்க்கிழமை என்பதால் பஸ் ஏறி மலாக்கா நகரத்தில் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போய் வந்தேன். பதினோரு மணிக்கு வானொலிப் பெட்டியின் பின்பக்கத் தூசியைத் துடைத்தேன். ஓய்வு பெற்ற பதினைந்து மாதங்களில் என் நாட்குறிப்பின் பெரும்பாலான பக்கங்கள் இப்படித்தான் இருக்கின்றன.

மாலை நாலரைக்குக் குமரன் வந்தான். எங்கள் கடல்துறையின் வயர்லெஸ் பணிமனையில் என்னிடம் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, பக்கத்தில் செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைக்குப் போனவன். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பச்சைப் பலகை இருந்தது. கம்ப்யூட்டருக்குள் செருகினால் அதை வேகமாக ஓடவைக்கும் ஆக்சலரேட்டர் பலகை என்றான். அதன் வேகத்தை நிர்ணயிப்பது ஒரு மூலையில் இருக்கும் தபால்தலை அளவு உலோகப் பெட்டி. உள்ளே ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல் துடித்துக்கொண்டிருக்கும். அது துடிக்கும் வேகம்தான் பலகையின் வேகம்.

"பாருங்க சார், கம்பெனிக்காரன் பதினாறு மெகாஹெர்ட்ஸ் போட்டிருந்தான். நான் அதக் கழட்டிட்டு இருபது போட்டுட்டேன். ரெண்டு நிமிஷ வேலை. இப்ப பறக்குது லா."

"பலகை தாங்குமா?"

"தாங்குது சார். கொஞ்சம் சூடாகும். சின்ன ஃபேன் வச்சிருக்கேன். நாளைக்கு மத்தியானம் ஒரு அச்சகத்துக்குக் குடுக்கணும்."

"எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்த்தே?"

"ஒரு மணி நேரம். நகராம பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நான் என்ன தாமோதரன் டியூட்டியா பாக்கறேன்?"

அது என்ன டியூட்டி என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்கத்தான் கேட்டேன்.

"என்ன சார், நம்ம டிபார்ட்மெண்ட்ல எல்லாரும் சொல்றதுதானே. வேலையில தூங்கறவன அப்படிச் சொல்வாங்க. யாரோ பழைய காலத்து ஆளு. லாஞ்சு முழுகறப்ப கூப்பிட்டா, இவன் நல்லா குறட்டை விட்டானாம்."

நான் பலகையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்டர் பற்றவைப்பு சுத்தமாக இருந்தது. ராத்திரி முழுக்க அணைத்து வைத்துவிட்டு, காலையில் முதல் வேலையாகப் போட்டுப் பார், அதற்குப் பிறகு கொடு என்றேன். "ஓகே சார்" என்றான். கேட்க மாட்டான் என்று தெரிந்தது. கிளம்பும்போது, துறையில் ஓய்வு பெற்றவர்களின் அனுபவங்களைத் தொகுத்து மலர் போடுகிறார்கள், தொழில் கற்றதைப் பற்றி நீங்களும் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் கேட்டது நான் கற்ற தொழிலைப் பற்றி. நான் எழுதுவது அதைப் பற்றித்தான்.

தாமோதரன் பிள்ளை பழைய காலத்து ஆளல்ல. என் வீட்டிலிருந்து நான்கு சந்து தள்ளி, செட்டி கிராமத்தில் இருக்கிறார். வயது அறுபத்தெட்டு. லாஞ்சுப் படகும் முழுகவில்லை, பாறையில் மோதியது. அவர் தூங்கவும் இல்லை.

நான் ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஆங்கிலப் பள்ளியில் படித்து, பத்தொன்பது வயதில் துறையில் சேர்ந்தேன். கோலாலம்பூரில் ஆறு மாதப் பயிற்சி. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தொழிலை நான் கற்றது மலாக்கா பணிமனையில், திரு. செல்லத்துரையின் மேசைக்கு எதிர் மேசையில்.

செல்லத்துரை யாழ்ப்பாணத்துக்காரர். பணிமனையின் மேற்பார்வையாளர். வெள்ளைக் கால்சட்டை, சட்டைக் கையில் எஃகு வளையம், பையில் மடிப்புக் கலையாத வெள்ளைக் கைக்குட்டை. குரலை உயர்த்த மாட்டார். கார்டில் மை ஒரு சொட்டு விழுந்தால் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, "திரும்ப எழுதும்" என்று மட்டும் சொல்வார். பணிமனையில் ஒவ்வொரு கிரிஸ்டலுக்கும் ஓர் எண், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கார்டு. கிரிஸ்டல் எந்தக் கப்பலில் இருந்தாலும் அதன் கார்டு அவருடைய அலமாரியில் இருக்கும்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்ததற்கு அடுத்த ஆண்டு, 1958 தொடக்கத்தில், எங்கள் லாஞ்சுகளும் கரை நிலையமும் பேசும் அலைவரிசைகளை மாற்றும்படி உத்தரவு வந்தது. ஏப்ரல் மாதத்துக்குள் முடிக்க வேண்டும். அந்தக் காலத்து வயர்லெஸ் செட்டில் சக்கரத்தைத் திருப்பி அலைவரிசையை மாற்ற முடியாது. உள்ளே இருக்கும் கிரிஸ்டலைக் கழற்றிவிட்டு வேறு கிரிஸ்டல் போட வேண்டும். இங்கிலாந்தில் செய்யச் சொல்லியிருந்த புதிய கிரிஸ்டல்கள் வரவில்லை. கப்பல் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. செல்லத்துரை, பழைய கிரிஸ்டல்களையே தேய்த்துப் புதிய அலைவரிசைக்குக் கொண்டுவரலாம் என்று முடிவு செய்தார். மொத்தம் நாற்பது. கை நடுங்காதவன் என்று என்னிடம் கொடுத்தார்.

வேலை இப்படி. கிரிஸ்டலின் உறையில் மூன்று திருகாணிகள். கழற்றினால் இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே, விரல்நகம் அளவில், கண்ணாடி போன்ற ஒரு குவார்ட்ஸ் சில்லு இருக்கும். அதைச் சாமணத்தால் எடுத்து, தட்டையான கண்ணாடிப் பலகையில் கார்போரண்டப் பசையைக் குழைத்து, அதன்மேல் வைத்து, ஒரே விரலால் எட்டு என்ற எண்ணை எழுதுவதுபோல் தேய்க்க வேண்டும். பத்துச் சுற்று. கழுவி, உலர்த்தி, உறையில் போட்டு, அளக்க வேண்டும். அளப்பது காதால். அளவுக் கருவியும் கிரிஸ்டலும் விலகியிருந்தால் ஹெட்போனில் ஒரு விசில் கேட்கும். நெருங்க நெருங்க விசில் தணிந்து, முனகலாகி, ஒன்றும் கேட்காமல் போகும். அந்த மௌனம்தான் சரியான இடம்.

தேய்த்தால் கிரிஸ்டல் மெலியும். மெலிந்தால் வேகம் கூடும். கூட்டலாம், குறைக்க முடியாது. ஒரு சுற்று அதிகமாகிவிட்டால் அந்தச் சில்லு குப்பைக்குத்தான். செட்டுக்குள் கிரிஸ்டலின் துடிப்பு பதினெட்டால் பெருகித்தான் ஏரியலுக்குப் போகும். அதனால் சில்லில் செய்யும் சிறு பிழை, கடலில் பதினெட்டு மடங்கு.

செல்லத்துரைக்கு இரண்டு விதிகள். ஒன்று: தேய்த்த கிரிஸ்டலை ஓர் இரவு அப்படியே வைத்திருந்து, மறுநாள் காலை, வேறு எதையும் தொடுவதற்கு முன், முதல் வேலையாக மீண்டும் அளக்க வேண்டும். புதிதாகத் தேய்த்த பரப்பு இரவில் சற்று மாறும். அதற்குக் கார்டில் 'காலை வாசிப்பு' என்று ஒரு கட்டமே உண்டு. இன்னொன்று, பென்சிலைப் பற்றியது. அளவு தாண்டிவிட்ட சில்லில் மெல்லிய பென்சிலால் கோடு இழுத்தால், அந்தக் கரியின் எடையில் வேகம் சற்று இறங்கிவிடும். போர்க்காலத்து மெக்கானிக்குகள் செய்த தந்திரம். எல்லோருக்கும் தெரியும். செல்லத்துரை சொல்வார்: "பென்சில் கடதாசிக்கு, காணும். கிரிஸ்டலுக்கு இல்லை."

ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமை. முப்பது கிரிஸ்டல்கள் முடிந்திருந்தன, ஒன்றும் கெடவில்லை. முப்பத்தொன்றாவது 'மெராக்' என்ற லாஞ்சுக்கு. மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு பெரிய அதிகாரி அதில் துறைமுகத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறார். அதற்குள் செட் பொருத்தப்பட வேண்டும். மாலை நாலே முக்கால். கடைசிப் பத்துச் சுற்றில் என் விரல் அழுத்திவிட்டது. ஹெட்போனைப் போட்டேன். விசில் மறுபக்கம் போயிருந்தது. ஆயிரத்து நூறு சைக்கிள் அதிகம். ஹெர்ட்ஸ் என்ற பெயர் அப்போது வரவில்லை.

வேறு சில்லு இல்லை. செல்லத்துரை அன்று நான்கு மணிக்கே துறைமுக அலுவலகத்துக்குப் போயிருந்தார். வரைபடக்காரரின் மேசையில் 2பி பென்சில் இருந்தது. ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நான்கு கோடு இழுத்தேன். அளந்தேன். மௌனம். அவ்வளவு சுத்தமான மௌனத்தை முந்தைய முப்பதிலும் நான் கேட்டதில்லை.

ஐந்தரைக்கு லாஞ்சில் பொருத்தினேன். கார்டில் மாலை வாசிப்பை எழுதினேன். காலை வாசிப்பு எடுக்க வழியில்லை. பணிமனை ஏழரைக்குத்தான் திறக்கும், லாஞ்சு ஏழுக்குப் புறப்படும். வெற்றுக் கட்டத்தோடு கார்டைக் கொடுத்தால் திரும்பி வரும். மாலை எண்ணையே காலைக் கட்டத்திலும் எழுதி, கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை மற்றக் கார்டுகளோடு அதுவும் செல்லத்துரையிடம் போனது. என் முப்பது கார்டுகளில் ஒரு பிழையும் பார்த்திராத அவர், முப்பத்தொன்றாவதிலும் என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

மூன்று வாரம் மெராக் படகுத்துறை ஜெட்டியைச் சுற்றியே ஓடியது. தினமும் கரை நிலையத்தோடு பேசியது. பக்கத்தில் இருந்தால், அலை விலகியிருந்தாலும் குரல் கேட்டுவிடும். பத்து மைல் தள்ளிப் போனால் கேட்காது. எஞ்சின் சூட்டிலும் அதிர்விலும் என் நான்கு கோடுகள் ஒவ்வொரு துகளாக உதிர்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதும் சரியல்ல. யோசித்திருந்தால் தெரிந்திருக்கும்.

மே 16, வெள்ளிக்கிழமை. மெராக் கலங்கரை விளக்கத் தீவுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போனது. காலை ஆறே முக்காலுக்குச் சுமத்ராக் காற்று என்னும் திடீர்ச் சூறை அடித்தது. எஞ்சின் நின்றது. ஏழு மணியிலிருந்து கரை நிலையத்தைக் கூப்பிட்டார்கள். நிலையத்தில் அழைப்புகளைக் கேட்கும் காவலில் தனியாக இருந்தவர் தாமோதரன். பதில் இல்லை. எட்டேகாலுக்கு லாஞ்சு பாறையில் மோதியது. லாஞ்சைத் தள்ளிவிடப் போன ஒஸ்மான் என்ற மாலுமியின் வலது கை பாறைக்கும் லாஞ்சுக்கும் நடுவே சிக்கியது. ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கூப்பிட்டது கேட்டிருந்தால் இன்னொரு லாஞ்சு நாற்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருக்கும்.

தாமோதரன் அன்றைக்கே சொன்னார்: ஹெட்போன் என் தலையில்தான் இருந்தது, ஒன்றும் வரவில்லை.

மே 19, திங்கட்கிழமை, காலை பத்து மணி. மெராக்கின் செட்டை என் மேசையில் வைத்து அரை மணி நேரம் சூடேற்றினோம். செல்லத்துரை இரண்டாவது ஹெட்போனைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். விசில் இருவருக்கும் கேட்டது. தொள்ளாயிரம் சைக்கிள் அதிகம். பதினெட்டால் பெருக்கினால் பதினாறாயிரத்து இருநூறு. அந்த லாஞ்சு அன்று காலை கத்திய கத்தல் எல்லாம், யாரும் கேட்டுக்கொண்டிருக்காத இடத்தில் போய் விழுந்திருக்கிறது.

அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உறையைத் திறவும்."

மூன்று திருகாணிகளையும் கழற்றினேன். அவரே சாமணத்தால் சில்லை எடுத்து, ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒரு மூலையில் மட்டும் சாம்பல் நிறம் மிச்சமிருந்தது.

"என்ன காணும் இது?"

"பென்சில் சார்."

"ஆர் செய்தது?"

"நான்தான் சார்."

"கார்டை எடும்."

எடுத்துக் கொடுத்தேன். கட்டம் கட்டமாகப் பார்த்தார்.

"இந்தக் காலை வாசிப்பு எடுத்தனீரோ?"

"எடுக்கல சார்."

அவருடைய விரல் என் கையெழுத்திலிருந்து கீழே இறங்கி, தன் கையெழுத்தின் மேல் நின்றது. பணிமனையின் தலைவராக இருந்த வெள்ளைக்காரர் ஆகஸ்டில் ஊருக்குப் போகிறார். அந்த நாற்காலிக்கு முதன்முறையாக உள்ளூர்க்காரர் ஒருவரைப் போடப்போகிறார்கள். அது செல்லத்துரைதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

"நான் போய்ச் சொல்லிடறேன் சார்" என்றேன். இதை நான் சொன்னேன் என்பது உண்மை. எவ்வளவு மெதுவாகச் சொன்னேன் என்பதையும் எழுத வேண்டும். மறுக்கட்டும் என்று எதிர்பார்க்கிறவன் சொல்லும் குரலில் சொன்னேன்.

"ஆரிட்டைச் சொல்லப் போறீர்? அவனிட்டைக் கேள்வி எப்பிடியும் வரும். காவலிலை இருந்தவன் அவன்தானே. எங்களிட்டை வருமோ வராதோ எண்டது இந்தக் கார்டிலைதான் இருக்கு. விளங்குதோ?"

விளங்கியது.

இங்கிலாந்திலிருந்து புதிய கிரிஸ்டல்கள் அதற்கு முந்தைய வாரம்தான் வந்திருந்தன. அவற்றில் ஒன்றை அவர் எடுத்துக் கொடுத்தார். அதன் உறையில் 31 என்று பொறித்தேன். எழுத்து அழகாக விழுந்தது. மெராக்கின் செட்டில் அதைப் போட்டு, அளந்தேன். மௌனம். பழைய சில்லைச் செல்லத்துரை தன் வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை.

மே 28, புதன்கிழமை, விசாரணை. மூன்று அதிகாரிகள், ஒரு நீண்ட மேசை. செட்டை அவர்கள் முன்னால் அளந்து காட்டினேன், சரியாக இருந்தது. நடுவில் இருந்தவர் கார்டைத் தூக்கிக் காட்டி, இது நீர் கைப்பட எழுதியதா என்று கேட்டார். ஆம் என்றேன். காலை வாசிப்பு சரியாக இருந்ததா என்றார். "கார்டில் உள்ளபடி இருந்தது" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பதில்களில் மிகக் கவனமாகச் சொன்னது அது. தாமோதரன் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் உண்மையைச் சொல்லி முடித்ததற்கு அந்தத் தலையாட்டல்.

காவலில் தூங்கியதாக முடிவு செய்து அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். செல்லத்துரை செப்டம்பரில் பெரிய நாற்காலிக்குப் போனார். மறு ஆண்டு எனக்கு முதல்தர டெக்னீஷியன் பதவி கிடைத்தது. ஐந்து வருடம் 'நீர்' என்றே கூப்பிட்டவர், மே 19 மாலையிலிருந்து என்னை 'நீங்கள்' என்றார். கடைசிவரை அப்படித்தான். பணிமனையில் மற்றவர்கள் அதை மரியாதை என்று நினைத்தார்கள். 1971இல் அவர் இறந்தபோது சவ ஊர்வலத்தில் முன்வரிசையில் நடந்தேன்.

தாமோதரன் பஸ் கம்பெனி ஒன்றில் டிக்கெட் பரிசோதகராகப் போனார். நாள் முழுக்க நிற்கிற வேலை. நான் கல்யாணம் ஆகிக் காஜா பேராங்கில் வீடு எடுத்தபோது, அவர் வீட்டைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டியிருந்தது. செட்டி கிராமத்து ஆட்கள் பல தலைமுறைக்கு முன் வந்த தமிழர் வழியினர், வீட்டில் பேசுவது மலாய். அவருக்குத் தமிழ் சாமி பெயர்கள் அளவுக்குத்தான் தெரியும். பார்த்தால் சிரிப்பார். ஒஸ்மான் ஒற்றைக் கையோடு ஜெட்டியில் உட்கார்ந்து தன் கதையை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கிருந்துதான் 'தாமோதரன் டியூட்டி' பிறந்தது. எனக்குக் கீழே வேலை பார்த்த பையன்கள் அதைச் சொல்லும்போது நான் திருத்தியதில்லை. ஒருமுறை, எல்லோரும் சிரித்தபோது, நானும் சிரித்தேன். தேதி நாட்குறிப்பில் இருக்கிறது, இங்கே எழுதவில்லை.

1964இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சந்தை முனைக் காப்பிக்கடையில் அவர் என் மேசைக்கு வந்தார். உட்காரவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மலாயில் பேசினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"ஒண்ணு கேக்கணும் சுப்பையா. அந்த கிரிஸ்டல அளந்தது நீதானே?"

"நான்தான்."

"காலையிலயும்?"

நான் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். சீனி எப்போதோ கரைந்திருந்தது.

"கார்டுல இருக்கு" என்றேன்.

"ஆமா, ஆமா. நீ அளந்தா சரியாத்தான் இருக்கும், ஊருக்கே தெரியும்." கொஞ்சம் யோசித்தார். "அப்ப நான் தூங்கித்தான் இருக்கணும் லா. எனக்கு ஞாபகம் இல்ல. முழிச்சிருந்த மாதிரிதான் இருக்கு. ஆனா தூங்கறவனுக்குத் தான் தூங்கினது எப்படித் தெரியும், இல்லையா?"

என் காப்பிக்கும் அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார்.

வேலையைப் பறிகொடுத்தவருக்கு வேறு வேலை கிடைத்தது. ஆனால் தான் விழித்திருந்தோம் என்ற நிச்சயத்தையும் நான் எடுத்துக்கொண்டேன் என்பது அன்றுதான் தெரிந்தது. பஸ் வேலையும் முடிந்து அவர் வீட்டோடு இருக்கும் இந்த வருடங்களில், அவருடைய சந்தில் மதியம் இரண்டு மணிக்கு எல்லா வீடுகளிலும் ஆட்கள் படுத்திருப்பார்கள். அவர் மட்டும் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், கையில்லாத மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். பகலில் அவர் கண்மூடி யாரும் பார்த்ததில்லை. அவர் மனைவி ஒருமுறை என் மனைவியிடம் சொல்லி வருத்தப்பட்டாராம்: வேலையும் இல்லை ஒன்றும் இல்லை, யாருக்காகக் காவல் காக்கிறார் என்று.

அன்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், வேலை போய்விடும் என்ற பயம். பிறகு பதவி. பிறகு பென்ஷன். ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு பயம் தயாராக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு எந்தப் பயமும் இல்லை. ஆனாலும் பதினைந்து மாதம் மழைமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1976இல் பழைய கார்டுகளை எரிக்கச் சொன்னார்கள். நான்தான் எரித்தேன். அந்த நாற்பதில் முப்பத்தொன்பதை எரித்தேன்.

குமரன் கொண்டுவந்த உலோகப் பெட்டியைத் திறக்க முடியாது. உள்ளே யாரும் பென்சில் வைக்க முடியாது. நல்லதுதான். ஆனால் பதினாறு என்று எழுதிய பலகையில் இருபதைப் போட்டுக் கொடுப்பவன், இருபது என்று அதன்மேல் எழுதிக் கொடுக்கட்டும்.

இந்த மலரைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்தான். அந்தச் சொல்லை இனிச் சொல்ல வேண்டாம். வேலையில் தவறியவனுக்கு ஒரு பெயர் வேண்டுமென்றால் என் பெயரை வைத்துக்கொள்ளலாம். நான் விழித்திருந்துதான் செய்தேன், ஆனாலும் பொருந்தும்.

ஜூலை 18, புதன்கிழமை. ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். மழைமானியைப் பார்க்கவில்லை. முதல் வேலையாக அலமாரியிலிருந்து 31ஆம் கார்டை எடுத்து, காலை வாசிப்பு என்ற கட்டத்தில் இருந்த எண்ணின் மேல் மையால் ஒரு கோடு போட்டு, 'எடுக்கப்படவில்லை' என்று மலாயில் எழுதி, கையெழுத்தும் தேதியும் இட்டேன். மை உலரும்வரை காத்திருந்தேன். பிறகு அதை எடுத்துக்கொண்டு நான்கு சந்து நடந்தேன். ஆறு பத்துக்குத் தாமோதரன் வீட்டு வாசல் கேட்டின் முன்னால் நின்றேன். அவர் விழித்திருந்தார்.